12 மெகாபிக்சல் பொக்கட் கமராவை விட்டு 20க்கு மாறினால் படம் தெளிவாகுமா?

அதனால் மட்டும் ஆகாது. பார்க்க வேண்டியது சென்சரின், அதாவது உள்ளே ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லின், அளவு. மலிவான பொக்கட் கமராக்களில் பெரும்பாலும் சுமார் 6.2 × 4.6 மில்லிமீற்றர்தான், 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100இல் 13.2 × 8.8, பரப்பில் நாலு மடங்கு, கூடுதல் ஒளி பிடிக்கும், அதனால்தான் பொழுதுபட்ட பிறகு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நின்று வாவியை எடுத்தாலும் படத்தில் அந்தப் புள்ளி புள்ளி இரைச்சல் குறைவாக இருக்கும். பழசு வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் கடையிலேயே நாலைந்து தரம் ஓன் பண்ணி ஓஃப் பண்ணி லென்ஸ் தடங்காமல் வந்து போகிறதா என்று பாருங்கள், கடற்கரை மணல் கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும் சிக்கிக்கொள்ளும் (நம்ம ஊரில் இதுதான் பெரிய தலையிடி). பகலில் மட்டும் எடுப்பவர் என்றால், சரி, இருக்கிறதே போதும். மேலதிகமாக ஒரு பற்றரி வாங்குங்கள்.