விற்பதற்கு முந்தைய ஓராண்டு: இணையதளத்தின் விலையை எவை உயர்த்தும்?

வாசகர் கேள்வி: மாடித் தோட்டம் பற்றிய ஆங்கில இணையதளம் ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சுமார் 300 கட்டுரைகள் உள்ளன. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரமும், என் தள இணைப்புகள் வழியே நடக்கும் விற்பனைக்கு அமேசான் தரும் கமிஷனும் சேர்ந்து மாதம் சராசரியாக 45,000 ரூபாய் வருகிறது. ஹோஸ்டிங், மென்பொருள் சந்தா, கட்டுரையாளர்களுக்கான தொகை என 17,000 ரூபாய் செலவாகிறது. ஓராண்டுக்குள் தளத்தை விற்றுவிட எண்ணுகிறேன். தோற்றத்தை முழுவதுமாக மாற்றினால் நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லி ஒரு வடிவமைப்பாளர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? விலை உயர வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த 60,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். உங்கள் தளத்தை வாங்க வருபவர், நீங்கள் போன பிறகும் இந்த வருமானம் தொடர்ந்து வருமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அதற்கான நம்பிக்கையைத் தருவனவற்றில் தோற்றத்தின் பங்கு மிகச் சிறியது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் நிகர லாபத்தைக் கூட்டுகிறதா, அல்லது வாங்குபவரின் ஐயத்தைக் குறைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது ஆம் என்ற பதிலைத் தர வேண்டும்.

இவ்வகைத் தளங்களுக்கு விலை பேசும்போது, கடந்த பன்னிரண்டு மாதங்களின் சராசரி மாத நிகர லாபத்தை ஓர் எண்ணால் பெருக்குவதே பரவலான வழக்கம். கட்டுரைகளை நம்பி நடக்கும் தளங்களுக்கு அந்த மடங்கு பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அமைகிறது. உங்கள் நிகர லாபம் 28,000 ரூபாய். முப்பது மடங்கு என்று வைத்துக்கொண்டால் விலை 8,40,000 ரூபாய். இதில் மாதம் 4,000 ரூபாய்க்கு நீங்கள் அதிகம் பயன்படுத்தாத மென்பொருள் சந்தா ஒன்று இருந்து, அதை இன்றே நிறுத்தினால், ஓராண்டு கழித்து அதே மடங்கில் விலை 9,60,000 ரூபாயாகிறது. ஆறு மாதம் தாமதித்து நிறுத்தினால் சராசரியில் 2,000 ரூபாய் மட்டுமே ஏறும். ஆகவே விலையில் கூடுவதும் பாதியாகிவிடும். செலவுக் குறைப்பை முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் கட்டுரையாளர்களை நிறுத்தி லாபத்தை உயர்த்திக் காட்டும் வழியில் போகாதீர்கள். கட்டுரைகள் வெளியான தேதிகளை எவரும் பார்க்க முடியும். கடைசி எட்டு மாதங்களில் புதிதாக எதுவும் வரவில்லை என்பதைக் கண்டதும், அந்தச் செலவைத் தானே மீண்டும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கும் மேலாக மடங்கையும் குறைத்துத்தான் வாங்குபவர் விலை சொல்வார்.

வருமானப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை பழைய கட்டுரைகளில் உள்ள அமேசான் இணைப்புகள். ஆறு ஆண்டுத் தளத்தில் அவற்றுள் கணிசமானவை இன்று விற்பனையில் இல்லாத பொருள்களுக்குச் சென்றுகொண்டிருக்கும். அதிக வருகையுள்ள முப்பது பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் உள்ள மண்கலவை, வளர்ப்புப் பை, சொட்டுநீர்க் கருவி போன்றவற்றின் இணைப்புகளைச் சரிபார்த்து மாற்றுவது ஓரிரு வாரத்தில் முடியக்கூடிய வேலை. விளம்பரங்களை அடுக்கிக்கொண்டே போவது அப்படிப்பட்டதன்று. அது சில மாதம் வருமானத்தைத் தூக்கும், பிறகு வாசகர்களை விரட்டும்.

இரண்டாவதாக, வருமானம் ஒரே இடத்தைச் சார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் தன் கமிஷன் விகிதங்களைத் திருத்தியபோது, தோட்டப் பொருள்கள் அடங்கிய பிரிவுக்கான விகிதம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. தள உரிமையாளர்கள் எந்தத் தவறும் செய்யாமலே அவர்களின் வருமானம் ஓர் அறிவிப்பில் சரிந்தது. தளம் வாங்கும் தொழிலில் இருப்பவர்கள் இதை மறக்கவில்லை. விதை விற்பனையாளர் ஒருவருடன் நேரடி விளம்பர உடன்பாடு, பருவவாரியான விதைப்பு அட்டவணையைச் சிறு மின்நூலாக விற்பது போன்ற மூன்றாவது வழி ஒன்று இருந்தால், அதில் வரும் தொகை சிறிதாக இருந்தாலும் மடங்கைப் பேசும்போது உங்களுக்குத் துணை நிற்கும்.

இனி, இன்றைய நிலையில் வாங்குபவர்களை எல்லாவற்றையும்விட அதிகமாக அச்சுறுத்தும் கூகுள் தேடல் வருகைக்கு வருவோம். 2023 செப்டம்பரில் வந்த கூகுளின் மாற்றமும், அதைத் தொடர்ந்த 2024 மார்ச் மாற்றமும் ஏராளமான தகவல் தளங்களின் வருகையை வெட்டிச் சாய்த்தன. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதில் வரத் தொடங்கியது. 'தக்காளிச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது' என்ற அளவிலான கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம், வாசகர் அதைத் திறக்காமலே பயனற்றுப் போகக்கூடும். சொந்தமாகச் செய்து பார்த்ததைச் சொல்லும் பக்கத்துக்கு அந்த ஆபத்து குறைவு. ஒரே வெண்டை விதையை மூன்று வகை மண்கலவையில் போட்டு, வாரந்தோறும் படமெடுத்து, எதில் பூச்சி விழுந்தது, எதில் காய்ப்பு நின்றது என்று எழுதியதை வேறு எங்கிருந்தும் தொகுத்துவிட முடியாது. ஆகவே புதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, வருகையில் பெரும்பகுதியைத் தரும் பக்கங்களை உங்கள் சொந்தப் படங்களாலும் அனுபவத்தாலும் திருத்தி எழுதுவதற்கே நேரத்தைச் செலவிடுங்கள். ஒரே பொருளைப் பற்றி நான்கு மெலிந்த கட்டுரைகள் இருந்தால், அவற்றை ஒன்றாக்கி, பழைய முகவரிகளை 301 எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் மூலம் புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் ஐந்நூறு கட்டுரைகளை ஒரே மாதத்தில் ஏற்றுவதும், காசு கொடுத்துப் பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு, வாங்குவதும் இந்த ஓராண்டில் உங்களைத் தேடிவரும் யோசனைகளாக இருக்கும். மதிப்பில்லாத பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வதைக் கூகுள் 2024 மார்ச்சில் வெளிப்படையாகத் தன் விதிமீறல் பட்டியலில் சேர்த்துவிட்டது. விலைக்கு வாங்கும் இணைப்புகள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அதில் உள்ளன. அனுபவமுள்ள வாங்குபவர் ஏஹெச்ரெஃப்ஸ் போன்ற இணைப்பு ஆய்வுக் கருவியில் உங்கள் தளத்தின் பெயரைப் போட்டதும், திடீரென முளைத்த இணைப்புகள் வரைபடத்தில் தனித்துத் தெரியும்.

வடிவமைப்பு மாற்றத்தை நான் எதிர்ப்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. புதிய வடிவமைப்பு என்ற பெயரில் பக்க முகவரிகள் மாறுகின்றன, தலைப்பு அமைப்பு மாறுகிறது, உள் இணைப்புகள் அறுகின்றன. தேடல் வருகை இறங்கினால் திரும்ப ஏறச் சில மாதங்கள் ஆகலாம், ஏறாமலும் போகலாம். விற்பனைக்கு முந்தைய ஆண்டில் அந்த இறக்கத்துக்கு இடமே இல்லை. மாறாக, இப்போதுள்ள வடிவிலேயே பயன்படாத ப்ளக்இன் எனும் துணை மென்பொருள்களை நீக்கி, படங்களின் அளவைச் சுருக்கி, கைப்பேசியில் பக்கம் விரைவாகத் திறக்கும்படி செய்யுங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதும் 200 மில்லிவினாடிக்குள் தளம் அசைந்துகொடுக்க வேண்டும் என்பவை கூகுள் சொல்லும் நல்ல அளவுகள். இதற்கு 60,000 ரூபாய் ஆகாது.

அடுத்தது சான்றுகள். விலை பேசி முடிந்தபின் பேரம் முறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் தற்போதைய பதிப்பில், விரிவான ஆய்வுகளுக்கான தரவு இயல்பாக இரண்டு மாதம் மட்டுமே வைக்கப்படும். அமைப்புகளில் சென்று அதைப் பதினான்கு மாதமாக மாற்றலாம். இதை இன்றே செய்யுங்கள், ஏனெனில் அழிந்த தரவு திரும்பாது. கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் பதினாறு மாதத் தரவைத்தான் காட்டும் என்பதால், மாதந்தோறும் அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அங்கே, விதிமீறலுக்குக் கூகுள் விதிக்கும் தண்டனைகளைக் காட்டும் கைமுறை நடவடிக்கைகள் என்ற பகுதி காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வரவு, செலவு ஒவ்வொன்றும் மாதவாரியாக ஒரே தாளில் இருக்க வேண்டும்; ஆட்சென்ஸ் அறிக்கையிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள தொகையோடு அது பொருந்த வேண்டும். வேறு தளங்களும் உங்களிடம் இருந்தால், இந்தத் தளத்துக்கென அமேசானில் தனி அடையாளக் குறியீட்டை உருவாக்கிவிடுங்கள்; எது எந்தத் தளத்தின் வருமானம் என்று பிரித்துக் காட்ட முடியாத தொகையை வாங்குபவர் கணக்கில் சேர்க்கமாட்டார்.

உங்கள் துறைக்குப் பருவம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் ஆடிப்பட்டத்தை ஒட்டி வருகை ஏறி, பின்னர் இறங்கும். இறங்கும் மாதங்களில் விற்பனைக்கு வைத்தால் அது வீழ்ச்சியாகத் தோன்றும். ஏறிய மாதங்களின் கணக்கு கைக்கு வந்ததும், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணையுடன் சந்தைக்குப் போவதே சரி.

உரிமை ஆவணங்களைப் பலர் கடைசி வாரத்தில்தான் தேடுகிறார்கள். டொமைன் எனப்படும் தளத்தின் இணைய முகவரி உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கிறதா அல்லது தொடக்கத்தில் தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிடச் சிக்கலானது கட்டுரைகளின் காப்புரிமை. 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, உங்களிடம் பணியாளராக இருந்து எழுதியவரின் எழுத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்; கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதியவர் அந்த வகையில் வரமாட்டார். அவரிடமிருந்து உரிமை உங்களுக்கு வர, எழுத்து மூலமான, கையொப்பமிட்ட ஒப்படைப்பு வேண்டும். அந்த ஒப்படைப்பிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. ஆங்கிலத் தளத்தை வெளிநாட்டவர் வாங்க முன்வந்தால் இந்த இரண்டு விடுபடல்களும் பேரத்தையே கெடுக்கும். உங்கள் கட்டுரையாளர்கள் இன்னும் தொடர்பில் இருக்கும்போதே, உரிமையின் முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் என்று தெளிவாக எழுதிக் கையொப்பம் பெற்றுவிடுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படங்கள் எங்கேனும் இருந்தால் நீக்கிவிட்டுச் சொந்தப் படங்களை வையுங்கள். மின்னஞ்சல் சந்தாதாரர் பட்டியல் இருந்தால் அவர்கள் எப்போது, எப்படி ஒப்புதல் தந்தார்கள் என்ற பதிவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒப்புதல் இல்லாத பட்டியல் சொத்தாகாது, சுமையாகும்.

தளம் எந்த அளவுக்கு உங்களையே நம்பி நடக்கிறது என்பதும் விலையைக் கடுமையாகப் பாதிக்கும். உங்கள் அனுபவத்தை மறைத்துப் பெயரில்லாத தளமாக மாற்றச் சொல்லவில்லை, ஏனெனில் வாசகர்கள் நம்புவது அந்த அனுபவத்தைத்தான். உண்மையாகவே தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை அல்லது இருவரை அவர்கள் பெயரிலேயே எழுதச் செய்து, ஆறு மாதத்தில் புதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் அவர்களுடையவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பைத் தேர்வது முதல் வெளியிடுவது வரை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை, புதியவர் ஒருவர் படித்து அப்படியே செய்யக்கூடிய அளவில் எழுதி வையுங்கள். வாரம் இருபது மணிநேரம் கேட்கும் தளத்தைவிட, அதே லாபம் தந்து வாரம் ஐந்து மணிநேரம் கேட்கும் தளத்துக்குக் கூடுதல் மடங்கு கிடைக்கும்.

எங்கே விற்பது என்பதில் பெரிய குழப்பம் வேண்டியதில்லை. எம்பயர் ஃப்ளிப்பர்ஸ் போன்ற தரகு நிறுவனங்கள் உங்களுடையதைவிடப் பெரிய வருமானமுள்ள தளங்களையே நாடுவதால், உங்கள் அளவுக்கு ஃப்ளிப்பா போன்ற திறந்த சந்தையே பொருத்தம். எவரிடம் விற்றாலும் பணம் எஸ்க்ரோ எனப்படும் மூன்றாம் தரப்புக் காப்புக் கணக்குக்கு வந்த பிறகே டொமைனை ஒப்படையுங்கள். டொமைனின் உரிமையாளர் விவரத்தை மாற்றிய பின் வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல 60 நாள் தடை விழுவது வழக்கம். ஆகவே அதே நிறுவனத்துக்குள்ளேயே வாங்குபவரின் கணக்குக்கு மாற்றிக்கொடுப்பதே எளிது. ஆட்சென்ஸ் கணக்கை எவருக்கும் மாற்றித்தர முடியாது. அமேசான் குறியீடும் உங்களுடையதே. வாங்குபவர் தம் சொந்தக் கணக்குகளின் குறியீடுகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்த மாற்றத்துக்கு முப்பது நாள் உதவுவதாக நீங்கள் ஒப்புக்கொண்டால் அதுவும் விலைக்கு வலு சேர்க்கும்.

போட்டித் தளம் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையை வாங்குபவர் உறுதியாகக் கேட்பார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்று சொன்னாலும், வணிகத்தின் நற்பெயரை விற்பவருக்கு நியாயமான எல்லைக்குள் அத்தகைய தடையை அனுமதிக்கிறது. ஆகவே இது வெறும் சம்பிரதாய வாசகம் என்று எண்ணிக் கையெழுத்திடாதீர்கள். தோட்டம் பற்றிய யூடியூப் சேனலை நீங்கள் தொடரப் போகிறீர்கள் என்றால், அது அந்தத் தடையில் அடங்காது என்று பெயர் குறித்து எழுதச் சொல்லுங்கள். சொந்த உழைப்பில் உருவாக்கிய தளமாக இருந்தாலும் விற்ற தொகைக்கு வரி உண்டு. கொள்முதல் விலை என்று கழிக்க உங்களிடம் ஏதும் இல்லாததால் அந்த வரி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். விலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஒப்பந்த வரைவுடன் உங்கள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.