பாலிஷைக் கீழே வையுங்கள்

வணக்கம் ஐயா,

தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் மீன்பிடி ரீல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்கும் இந்தப் பித்து பிடித்தது. இதுவரை நான்கு சேர்த்திருக்கிறேன். போன மாதம் ஊட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் மிட்செல் 300 ரீல் ஒன்று கிடைத்தது. கைப்பிடி சுற்றவே மாட்டேன் என்கிறது. கறுப்புப் பெயிண்ட் ஓரங்களில் உதிர்ந்திருக்கிறது. மீதியையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கி ஷோகேஸில் வைக்கலாம் என்றிருக்கிறேன். என்ன விலை பெறும்? மீன் பிடிக்காதவனுக்கு ரீல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த உப்புத்தாளைத் தூக்கிப் போடுங்கள். பாலிஷ் டப்பாவையும். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அப்பாவின் பழைய ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். குன்னூர் பஜாரில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள், ரீல் மக்கர் செய்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அத்தனை சின்ன ஸ்குரூவைத் தலை சிதையாமல் கழற்ற அங்கே வேறு ஆள் கிடையாது.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, வயதான எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல் ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் அன்னிக் நகரத்து ஹார்டி சகோதரர்கள் 1891இல் கொண்டுவந்த மாடல். அப்பா வெள்ளைக் காகிதம் விரித்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு திறந்தார். உள்ளே வட்டமாக இரும்புக் குண்டுகள். அந்தப் பக்கம் ஒரு பற்சக்கரம், அதன் பல்லில் போய் விழும் சின்ன நாக்கு, நாக்கை அழுத்திப் பிடிக்கும் வில். என்னைக் கூப்பிட்டு, "பாரு, இதுவும் கடிகாரம்தான்டா" என்றார்.

மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் அதை எடுத்துத் தேய்த்தேன். உலோகப் பாலிஷ், பழைய பனியன் துணி, ஒரு மணி நேரம். ஈயச்சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்த பூச்சு போய், வெள்ளி மாதிரி மின்னியது. அப்பா பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேனேஜர் வந்தார். ரீலைக் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பினார். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று இருந்தது. கட்டைவிரலால் அங்கே தடவிப் பார்த்தார். இப்போது எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. இன்றைக்கும் எந்த பெர்ஃபெக்டைப் பார்த்தாலும் என் கை முதலில் அந்த இடத்தைத்தான் தேடுகிறது.

அந்த மங்கல் பூச்சு வேண்டுமென்றே போட்டது, ஆர். வெயிலில் ரீல் மின்னினால் ஓடைத் தண்ணீரில் இருக்கிற மீன் மிரண்டு போகும். அதை எடுத்துவிட்டு "அழகாகிவிட்டது" என்கிறோம். உங்கள் மிட்செலின் கறுப்பும் தொழிற்சாலையில் போட்டது. ஓரத்தில் உதிர்ந்திருக்கிறதென்றால் யாரோ அதை வருஷக்கணக்கில் படகிலும் பாறையிலும் வைத்து எடுத்திருக்கிறார். உதிர்ந்தது உதிர்ந்ததாகவே இருக்கட்டும். மிச்சத்தை நீங்கள் தேய்த்து எடுத்தால் யாராலும் திருப்பிப் போட முடியாது. புதுப் பெயிண்ட் அடிக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அதுவும் கூடாது.

விலை கேட்டிருந்தீர்கள். மிட்செல் 300 லட்சக்கணக்கில் விற்ற ரீல், பெரிய விலை வராது. பெட்டி இருந்தால் கொஞ்சம் கூடும். தேய்த்துவிட்டால் உள்ளதும் போகும்.

எனக்கு வருத்தம் வேறு. முழு நீளக் கடிதத்தில் அதைத் திறந்து பார்த்ததாக ஒரு வரி இல்லை! கைப்பிடி சுற்றவில்லை என்கிறீர்கள், ஏன் என்று பார்க்கத் தோன்றவில்லையா? வேலையெல்லாம் உள்ளே இருக்கிறது, நீங்கள் வெளியே தேய்க்கக் கிளம்புகிறீர்கள்.

இதுவும் கடிகாரம்தான் என்று அப்பா சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு சுற்றியிருக்கும் உருளை பல சுற்றுச் சுற்றும் ரீலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர், கென்டக்கியில் கடிகாரம் செய்தவர். சிவப்பு அம்பாசடர் ரீலை 1952இல் கொண்டுவந்த ஸ்வீடனின் ஆபு கம்பெனி, 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி டாக்சி மீட்டர் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதி நின்றதும் அதே ஆட்கள், அதே மெஷின்களில் ரீல் செய்தார்கள். உங்கள் மிட்செல் பிறந்த க்ளூஸ், ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கும் பிரெஞ்சு ஊர். வீட்டுக்கு வீடு கடிகார உதிரிபாகம் செய்த ஊர் அது.

இன்னொன்று, திருப்பூர்க்காரர் நீங்கள் கவனித்திருக்க வேண்டியது. பனியன் மெஷினுக்கு நூல் சுற்றி வைத்திருக்கும் கோனிலிருந்து நூல் எப்படி வருகிறது? கோன் நின்றபடி நிற்கும், நூல் நுனிப்பக்கமாக உருவிக்கொண்டு வரும். உங்கள் மிட்செல் மாதிரி ரீல் வருவதற்கு முன்னால் இருந்த ரீல்களில் நரம்பு வெளியே போக உருளையும் சேர்ந்து சுற்றியாக வேண்டும். இலேசான இரைக்கு அந்த உருளையை இழுத்துச் சுற்றும் பலம் கிடையாது. ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்து மல்லாக் 1884இல் ரீலையே பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். நரம்பு முறுக்கிக்கொண்டது. 1905இல் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் கம்பளி ஆலை வட்டாரத்து மனிதர், உருளையை அசையாமல் நிறுத்திவிட்டு நரம்பை நுனி வழியாக உருவ விட்டார். உங்கள் கையில் இருப்பது அந்த வம்சம். தினமும் கோனைப் பார்க்கிற கண் உங்களுடையது, அதை வைத்துக்கொண்டு ஷோகேஸ் என்கிறீர்கள்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். ஸ்குரூவின் பள்ளத்தில் அசையாமல் உட்காருகிற ஸ்குரூ டிரைவரை எடுங்கள், இல்லையென்றால் வாங்குங்கள். பக்க மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்முன் போனில் படம் பிடித்து, எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் வையுங்கள். உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். கைப்பிடி சுற்றாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து மெல்லத் தேயுங்கள். வெளிப் பெயிண்டில் பட வேண்டாம். காய்ந்ததும் பற்களுக்குக் கொஞ்சம் புது கிரீஸ், அச்சுக்கு இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

வீட்டில் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கழற்றும்போது அவர்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

மூடியதும் பின்பக்கம் இருக்கிற சின்ன லீவரைத் தள்ளிவிட்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே பிடியுங்கள். டிக் டிக் என்று வர வேண்டும். வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.