வீட்டை அடகு வைக்காதீர்கள், அம்மா

சென்ற சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து மகளோடு ஃபெரி ஏறி, பினாங்கிலுள்ள என் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்கு வந்தீர்கள். கையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டணத்தாள். ஐந்தாண்டுக்கு மூன்றரை லட்சம் ரிங்கிட். "பிசிக்ஸ் படித்தால் யார் ஐயா வேலை கொடுப்பார்கள்?" என்று கண் கலங்கினீர்கள். நானும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறு. இப்போது நேராகவே சொல்கிறேன்: வீட்டை அடகு வைக்காதீர்கள்.

மருத்துவம் நல்ல தொழில்தான், ஆசைப்படுகிறவர்களுக்கு. உங்கள் வீட்டில் அதற்கு ஆசைப்படுவது உங்கள் அண்ணன். நிரந்தரப் பணி கேட்டு ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலையில் மருத்துவமனை வாசல்களில் திரண்டு நின்றதை அவரும் பார்த்திருப்பார். பொறியியல், கணக்கியல் பற்றி ஊரே பேசும், நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் வங்கிக் கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை என்ன செய்தாள், கவனித்தீர்களா? மேசையில் கிடந்த பழைய படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு மேடு வரைந்து, உச்சியில் 1232 என்று எழுதினாள். என்னவென்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காதவள் இருபது நிமிடம் நிறுத்தவில்லை.

அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்மீது பையான் என்ற துகளை மோதவிட்டு ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் சிதறல் மலைபோல் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தை முதலில் கண்டது சிக்காகோவில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு, 1952இல். புரோட்டான் கிளர்ந்தெழுந்து நொடிப்பொழுதுகூட நிற்காமல் சிதையும் நிலை அது. டெல்டா என்று பெயர். நிறை ஏறத்தாழ 1232 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு), மேட்டின் அகலம் அதே அலகில் 117 அளவில். அகலம் கூடினால் ஆயுள் குறைவு.

டெல்டா தனியாக நிற்பதால் சுலபம். அதற்கு மேலே மற்ற நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் பத்து உறுமி மேளம் ஒரே நேரத்தில் முழங்க, கண்ணை மூடிக்கொண்டு எந்தக் குழு எந்தத் தாளம் என்று பிரித்துச் சொல்வதைப் போன்ற வேலை. சிதறலைக் கோணம் கோணமாக அளந்து, கோண உந்தத்தின்படி, அதாவது சுழற்சியின் அளவுப்படி, பகுதி அலைகளாகப் பிரிக்கிறார்கள். 1964இல் டேவிட் ரோப்பர் என்ற ஆராய்ச்சி மாணவர் அப்படிப் பிரித்தபோதுதான், வெறும் கண்ணுக்கு மேடாகவே தெரியாத ஒரு நிலை அகப்பட்டது. இன்றும் அதற்கு ரோப்பர் என்றே பெயர். நிறை 1440 அருகில்.

இன்னொரு நுணுக்கமும் சொன்னாள். டெல்டாவின் நிறை 1232 என்பது ஒரு வாய்பாட்டின்படி. கற்பனை எண்களும் சேர்ந்த சிக்கலெண் தளத்தில் அதன் துருவத்தை, அதாவது சிதறல் கணக்கு முடிவிலியாகும் புள்ளியைத் தேடினால் 1210. தரவு ஒன்றுதான், கேள்விதான் வேறு. இதைச் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பினாங்கில் இதற்கென்று வேலை விளம்பரம் வராது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரைச்சலுக்குள்ளிருந்து எண்ணைப் பிரித்தெடுத்து, அதன் பிழை இவ்வளவு என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தவர் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளுக்கும் தேவை, மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பிரிவுக்கும் தேவை. ஆராய்ச்சிக்கே போனால் ஜெர்மனியின் பான், மைன்ஸ் நகரங்களில் இதே வேலை நடக்கிறது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவை வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா. அது பின்னால் பார்க்க வேண்டிய கணக்கு. இப்போதைக்கு எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) மதிப்பெண்ணோடு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பகுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும். வீட்டிலிருந்தே போய் வரலாம்.

எனக்கும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. படத்தை ரசிப்பது வேறு, எண்களோடு மல்லுக்கட்டுவது வேறு. பையான் சிதறல் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. அவற்றை எடுத்து டெல்டாவின் நிறையையும் அகலத்தையும் அவளே கணக்கிடட்டும். இரண்டு வாரம் கொடுங்கள். நடுவில் சலித்துப்போனால் கூட்டிவாருங்கள், வேறு யோசிப்போம். அதற்குள் உங்கள் அண்ணன் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.

மேடு வரைந்த தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பிள்ளை தேடினால் சொல்லுங்கள்.