அண்ணாச்சி பதில்கள்: எந்த வருசம் சரி?

கேள்வி: அண்ணாச்சி, டெத் நோட் மங்கால (ஜப்பான் காமிக்ஸ்) கடைசி கோடவுன் சீன் 2010 ஜனவரி 28ல நடக்கு, அத வச்சு எடுத்த அனிமேல (ஜப்பான் கார்ட்டூன்) 2013னு வருது. பிரண்டு மங்காதான் தப்புங்கான், நான் அனிமே தப்புங்கேன். எது சரி?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: ரெண்டும் சரிதான் தம்பி. மங்கா 2003 டிசம்பர்ல ஷோனென் ஜம்ப்ங்கிற ஜப்பான் பத்திரிகைல வர ஆரம்பிச்சுது, அதான் கதையும் 2003 நவம்பர் கடைசில தொடங்குது, படிக்கவனுக்கு இது இப்பதான் நடக்குன்னு தோணணும்லா. 2006 மே மாசம் மங்கா முடியும்போது கதை எதிர்காலத்துல, கிட்டத்தட்ட நாலு வருசம் தாண்டி 2010ல போயி நிக்கி. அனிமே வந்தது 2006 அக்டோபர்ல, அதுக்கு எல்லாத்தையும் மொத்தமா மூணு வருசம் தள்ளி வச்சிட்டாங்க, கதாநாயகன் லைட் பொறந்த வருசம் கூட 1986 போயி 1989 ஆயிட்டு. நாளும் மாசமும் அதேதான். கிழமைதான் இடிக்கும், 2010ல அந்த நாள் வியாழன், 2013ல திங்கள்.

அகிராங்கிற இன்னொரு மங்காவ எடுத்துக்கோங்க, இன்னும் பளிச்சுன்னு தெரியும். மங்கா தொடங்குனது 1982 டிசம்பர், அதுல டோக்கியோ அழியதும் 1982 டிசம்பர்தான். அத வச்சு எடுத்த அனிமே படத்துல அதே அழிவு 1988 ஜூலை 16, படம் ஜப்பான் தியேட்டர்ல ரிலீஸ் ஆன அதே நாள்!

கேள்வி: பாரசைட் அனிமேல கதாநாயகன் ஷினிச்சிக்கு எதுக்கு கண்ணாடி? மங்கால கெடையாதே.
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: அதே பேருல உள்ள கொரியன் படத்த கேக்கல, ஷினிச்சி கையில ஒட்டிக்கிட்ட மிகிங்கிற ஒட்டுண்ணி வர்ற கதையதான் கேக்காங்க. 2014ல அனிமேயா எடுக்கும்போது போன், இன்டர்நெட்டுன்னு காலத்த மாத்துனாங்க, கூடவே கண்ணாடியும் வந்துச்சு. நடுவுல அவன் உடம்பு மாறுனதுக்கு அப்புறம் கண்ணாடி போடுறத நிறுத்திருவான், கவனிச்சீங்களாம்மா? எனக்கு அது ரொம்பப் பிடிச்ச மாத்தம்.

கேள்வி: பனானா ஃபிஷ் மங்கால கதாநாயகன் ஆஷோட அண்ணன் வியட்நாம் போருக்குப் போனவரு, அனிமேல ஈராக். ஏன் அண்ணாச்சி?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: வயசுக் கணக்குதான். மங்கா 1985ல தொடங்குனது, அப்ப ஆஷுக்கு 17 வயசு, அண்ணன் 1973ல வியட்நாம்ல இருந்தாருன்னா பொருந்துது. அனிமே 2018, கதையும் இந்தக் காலத்துக்கு வந்துட்டு, வியட்நாம்னே வச்சிருந்தா அண்ணனுக்கு 60 வயசு தாண்டிருக்கும், 17 வயசுப் பையனுக்கு அண்ணன்னா யாரு நம்புவா. அதனால ஈராக்னு போட்டது சரியான முடிவுதான்.

ஆனா கதை நடக்குற ஊரு நியூயார்க் மாறிட்டே, அதுதான் எனக்கு உறுத்துது. 1990ல நியூயார்க்ல ஒரே வருசத்துல 2,000க்கு மேல கொலை, 2018ல 300 கூட இல்ல. அந்தப் பழைய நியூயார்க்ல ஆஷ் மாதிரி கேங் பையங்க ராத்திரி தெருவ ஆளுறது இயல்பா இருந்துச்சு, அதே பையங்க கைல ஸ்மார்ட்போன குடுத்து இன்னைக்கு உள்ள தெருவுல ஓட விட்டா அந்தப் பயம் பாதியாயிருது. நெல்லை ஜங்ஷன்ல எஸ்டிடி பூத் வாசல்ல ஒரு போனுக்காக ராத்திரி பூரா காத்துக் கெடக்கவன் கதைய எடுத்து 2018ல வச்சா என்ன மிஞ்சும் சொல்லுங்க, அந்தக் காத்திருப்புதானே கதையே. ஆஷும் அவன் நண்பன் எய்ஜியும் ஒருத்தர ஒருத்தர் தொலைச்சிட்டுத் தேடுற எடமெல்லாம் மங்கால நெஞ்ச அடைக்கும், அனிமேல 'ஒரு மெசேஜ் போட்டா என்ன'ன்னு மனசு கேக்குது. மங்காவ மொதல்ல படிச்சிருங்க, அனிமேய அதுக்கப்புறம் பாருங்க.