மாத்திரைக்கு முன் காலைப் பாருங்கள்

கேள்வி: குழித்துறை ஆற்றங்கரையில் நாங்கள் பதினைந்து பேர் கொண்ட இளைஞர் குழு. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்து ஊருக்குள் தண்ணீர் ஏறினால், வள்ளத்தோடு வரும் மீனவ அண்ணன்மாருடன் சேர்ந்து ஆட்களை மீட்போம். போன முறை வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் எங்களில் இருவருக்கு எலிக்காய்ச்சல். இந்த முறை எல்லோரும் முன்கூட்டியே மாத்திரை போடலாமா? கம்பூட் போட்டால் போதாதா? என்ன ஊசி போட வேண்டும்?

பதில்: மாத்திரையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் காலில் இருந்து தொடங்குவதே சரி. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா எலியின் மூத்திரத்தில் மட்டும் வருவதில்லை. மாடு, நாய், பன்றி எல்லாம் அதை வெளியேற்றும். தொழுவம், வயல், சாக்கடை மூன்றையும் வெள்ளம் ஒரே தண்ணீராக்கிவிடுகிறது. பழுதில்லாத தோல் இந்தக் கிருமிக்கு நல்ல தடை. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, முள் கீறல், மணிக்கணக்கில் ஊறி வெளுத்துப்போன தோல், கண், மூக்கு, வாய் ஆகியவைதான் அது நுழையும் வழிகள்.

முழங்கால் வரை வரும் கம்பூட், கணுக்கால் அளவு தண்ணீருக்கும் வெள்ளம் வடிந்தபின் சேறு அள்ளுவதற்கும் அருமையானது. தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டினால் கதை மாறும். உள்ளே நிரம்பிய தண்ணீரிலேயே கால் ஊறும். நீரின் இழுப்பில் காலைத் தூக்கி வைக்கவும் முடியாது. ஆழத்தில் இறங்குபவருக்கு, தடித்த அடிப்பகுதி உள்ள, கயிறு இறுக்கிக் கட்டும் ஷூதான் சரி. மிதவைச் சட்டை எப்படியும் வேண்டும். வெறுங்காலோ, வார் செருப்போ வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு அடியில் ஓட்டுத் துண்டும் தகரமும் கிடப்பது மேலே தெரியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கரை ஏறியவர் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கால் கழுவி, விரலிடுக்கைத் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். சேறு படிந்த கையில் சானிடைசர் வேலை செய்யாது. சேற்றுப்புண் இருப்பவரை அன்று வள்ளத்திலோ, கரையில் கயிறு பிடிக்கவோ, பெயர்ப் பட்டியல் எழுதவோ உட்கார வையுங்கள். வீரத்துக்கு அன்று விடுமுறை. மழைக்காலம் தொடங்குமுன்பே க்ளோட்ரிமசோல் களிம்பு போட்டு அதை ஆற்றிவைத்திருந்தால் இந்தப் பேச்சே வராது.

இப்போது மாத்திரை. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை இரண்டு, அதாவது 200 மி.கி., வாரம் ஒருமுறை. தண்ணீரில் இறங்கும் நாளிலோ அதற்கு முன்தினமோ தொடங்கி, சேற்றிலும் தண்ணீரிலும் வேலை இருக்கும் வாரங்களில் மட்டும் தொடர வேண்டும். கரையில் சோறு பொங்குபவருக்கு இது தேவையில்லை. சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மாத்திரைகளோடும் சேர்த்துப் போட்டால் உடலில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். மாற்று உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்களும் அவரைப் பார்த்துவிட்டே தொடங்குவது நல்லது. இந்த மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், முழுக் காப்பு அல்ல. மாத்திரை போட்ட தைரியத்தில் வெறுங்காலோடு இறங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

தேங்காப்பட்டணம் பொழிமுகம், மணக்குடி காயல் போன்ற உப்புத்தண்ணீர் கலக்கும் இடங்களில் வேறொரு கிருமியையும் நினைவில் வையுங்கள்: விப்ரியோ. காயத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வீக்கம் பரவும், பார்வைக்குச் சிறிய காயத்தில் தாங்கமுடியாத வலி இருக்கும், கருஞ்சிவப்புக் கொப்புளம் எழும். வாராந்திர மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கு வயல் சேற்றிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்றும் உண்டு. இவர்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஊசி விஷயம் சுருக்கம்தான். தடுப்பூசிக்குப் பலன் வர நாள் பிடிக்கும். மேகம் கறுத்தபின் ஓடிப் பயனில்லை. ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி பத்தாண்டுக்கு ஒருமுறை. அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் மீண்டும் ஒன்று. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, பி ஊசிகளை மழைக்காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடித்துவிடுங்கள். மொட்டைமாடியில் சிக்கிய நாய் கடித்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடி ஊசி.

கம்பூட்டையும் கயிற்றையும் முதலில் சேறு போகக் கழுவுங்கள். சேறு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் புது ப்ளீச்சிங் பவுடர் கலந்து பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஈரம் ஏறிய பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

தண்ணீரில் இறங்கியபின் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும். 30 நாள் வரைகூட ஆகலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கடும் தலைவலி சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகியுங்கள். மூத்திரம் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு திணறினாலோ தாமதம் கூடாது. டெங்குவும் அதே நாட்களில்தான் வரும் என்பதால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். வாராந்திர டாக்ஸிசைக்ளினைக் கூட்டிப் போட்டு நீங்களே வைத்தியம் பார்க்கவும் வேண்டாம். சிகிச்சைக்கான அளவும் நாட்களும் வேறு.

யார் எந்தத் தேதியில் எந்த இடத்தில் தண்ணீரில் இறங்கினார், மாத்திரை எப்போது போட்டார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு போகிறவரிடம் மருத்துவர் அதைக் கேட்க மறக்கலாம். நோட்டைக் கையோடு எடுத்துப் போய், வெள்ளத்தில் நின்றதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.