பரீட்சை இல்லாமல் வரும் அனர்த்த முகாமைத்துவ வேலை: மகள் போகலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும், மகளுக்கு வந்திருக்கும் வேலைக் கடிதத்தின் பிரதியையும் முழுவதும் வாசித்தேன். மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து முடித்திருக்கிறார். அனர்த்த முகாமைத்துவத் திட்டமொன்றில் கள உத்தியோகத்தராக ஒரு வருட ஒப்பந்தத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வர்த்தமானி அறிவித்தல் இல்லை, போட்டிப் பரீட்சை இல்லை, ஒரு நேர்முகப் பரீட்சை மட்டும். "பரீட்சை எழுதாமல் வருகிற வேலை நிலைக்குமா, ஆட்சி மாறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள். மகளோ இப்படியான வேலைகளுக்குப் பரீட்சையே வைக்கக்கூடாது, அமெரிக்காவிலும் அப்படித்தான் என்கிறாராம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நான் கீழே சொல்லப்போகும் விஷயங்கள் சரியாக இருந்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால் அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்ற நினைப்போடு போகக்கூடாது. ஒரு வருடத் தொழில் அனுபவம் கிடைக்கிறது என்றே போக வேண்டும். கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், நிர்வாக சேவை என்று எந்தப் பரீட்சைக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தாரோ அந்தப் படிப்பை ஒரு கிழமைகூட விடக்கூடாது.

உங்கள் பயத்தின் வேர் எனக்கு விளங்குகிறது. நம் நாட்டில் அரச சேவைக்கு ஆளெடுக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. மாகாண சபைக்குக் கீழுள்ள வேலைகளைக் கிழக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு திருகோணமலையில் இருந்து பார்க்கிறது. 2001 இல் வந்த பதினேழாவது திருத்தம் மத்திய ஆணைக்குழுவை அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாமல் வைக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு 2010, 2015, 2020, 2022 என்று ஒவ்வொரு திருத்தத்திலும் அந்தச் சுயாதீனத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாகவே போயிருக்கிறது. இவ்வளவு இழுபறி ஏன்? யாருக்கு வேலை கொடுப்பது என்ற அதிகாரம் அவ்வளவு பெரியது. மந்திரியைத் தெரியாத, சிபாரிசுக் கடிதம் வாங்க வழியில்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போட்டிப் பரீட்சைதான் திறந்திருக்கிற ஒரே கதவு. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நம் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த எவருக்கும் "பரீட்சையை எடுத்துவிடுவோம்" என்று இலேசாகச் சொல்ல வாய் வராது.

ஆனால் மகளின் பக்கமும் இருக்கிறது. ஒரு நிரந்தரப் பதவியை நிரப்ப முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணிக்கு அனுமதி தர வேண்டும், ஆட்சேர்ப்புத் திட்டம் ஒப்புதல் பெற வேண்டும், அப்புறம் வர்த்தமானி, விண்ணப்பம், பரீட்சை, பெறுபேறு, நேர்முகம், நியமனம். வருடங்கள் போய்விடும். நமக்கோ நவம்பரில் மழை தொடங்கினால் தை மாதம் வரைக்கும் மூச்சுவிட நேரமில்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், சேனநாயக்க சமுத்திரம் வான் பாய்ந்தால் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் எந்த வீதி முதலில் மூழ்கும், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை இன்றைக்கே வெட்டிவிடுவதா நாளைக்கா என்று மீனவர்களோடும் விவசாயிகளோடும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் பேச வேண்டும். இந்த வேலையைத் தெரிந்த ஆள் அன்றைக்கே வேண்டும். 2024 நவம்பரில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். ஒரு வீதியை எப்போது மூடுவது என்பது எவ்வளவு பெரிய தீர்மானம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் என் நிலைப்பாடு இதுதான்: வெள்ளத்துக்கும் புயலுக்கும் திடீரென்று தேவைப்படுகிற கூடுதல் ஆட்களைப் பரீட்சை இல்லாமல் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வருடம் முழுக்க இருக்கிற பதவிகளை, அதாவது திட்டமிடுகிற, எச்சரிக்கை அனுப்புகிற, நிவாரணக் கணக்கு வைக்கிற பதவிகளை, அவசரம் என்ற பெயரில் விதிக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. நாளைக்கு நிவாரணப் பட்டியலில் யாருடைய பெயர் வரும் என்பதைத் தீர்மானிக்கிற கதிரையில், ஒருவருடைய தயவால் வந்தவர் உட்கார்ந்திருந்தால் கஷ்டப்படுவது நம்முடைய சனம்தான்.

மகள் சொன்ன அமெரிக்க உதாரணத்தையும் சரியாகப் பார்ப்போம். அங்கே அனர்த்தங்களைக் கவனிக்கும் மத்திய நிறுவனத்துக்குப் பெயர் ஃபீமா. 1988 ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டம், வழமையான அரச சேவை ஆட்சேர்ப்பு விதிகளுக்கு வெளியே தற்காலிக ஊழியர்களை எடுக்க அதற்கு அனுமதி கொடுக்கிறது. இப்படி எடுக்கப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு முதல் நான்கு வருட நியமனத்தில் இருப்பவர்கள். இன்னொரு பகுதியினர் அனர்த்தம் நடக்கும்போது மட்டும் அழைக்கப்படுகிற இருப்புப் படை போன்றவர்கள்; வேலை இல்லாத மாதத்தில் அவர்களுக்குச் சம்பளமும் இல்லை. அனர்த்தக் கடமைக்குப் போய்விட்டு வரும்போது அவர்களுடைய வழமையான வேலை பறிபோகாமல் இருக்க 2022 இல்தான் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மகள் இந்தப் பகுதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். விதிவிலக்கு வாசலை அகலமாகத் திறக்கிறது, ஆனால் உள்ளே போனவருக்கு நிரந்தரக் கதிரை போட்டுக் கொடுப்பதில்லை.

அதைவிட முக்கியமான பாடம் 2005 இல் வந்த கத்ரீனா சூறாவளி. அப்போது ஃபீமாவின் தலைவராக இருந்த மைக்கேல் பிரௌன், அனர்த்த முகாமைத்துவ அனுபவம் போதாமல் அரசியல் நியமனமாக வந்தவர் என்று கடும் கண்டனத்துக்கு உள்ளாகிப் பதவி விலகினார். அடுத்த வருடமே அந்த நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: அந்தக் கதிரைக்கு வருகிறவருக்கு அவசரகால முகாமைத்துவத்தில் நிரூபித்த திறமையும், குறைந்தது ஐந்து வருட நிர்வாகத் தலைமை அனுபவமும் இருக்க வேண்டும். பரீட்சை இல்லாத பதவி என்றால் தகுதியும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் உயிர்களைக் கொடுத்துத்தான் படித்தார்கள்.

இனி மகளின் கடிதத்துக்கு வருவோம். இதில் நான் அதிகம் கவலைப்படுவது ஒரே ஒரு வரியைப் பற்றி: வேலை தருபவர் யார்? அனர்த்த முகாமைத்துவம் என்று எழுதியிருந்தாலே அரசாங்க வேலை என்று நம் ஊரில் நினைத்துவிடுகிறார்கள். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்டப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தர் இருக்கிறார். வெளிநாட்டு உதவியோடு நடக்கிற திட்டங்களின் ஊழியர்களும், அரசசார்பற்ற நிறுவனங்களின் ஊழியர்களும் வெள்ள காலத்தில் இவர்களோடு ஒரே மேசையில் இருப்பார்கள். பார்க்கிறவருக்கு எல்லாரும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு ஓய்வூதியம் உண்டு, ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதி, இன்னொருவருக்குத் திட்டம் முடிகிற அன்றைக்கு எதுவுமே இல்லை.

மகளின் கடிதத்தில் திட்டத்தின் பெயர் இருக்கிறது, தொழில் வழங்குநரின் பெயர் தெளிவாக இல்லை. கையெழுத்து வைப்பதற்கு முன் அதை எழுத்தில் கேட்க வேண்டும். சேமலாப நிதி உண்டென்றால் ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில் வழங்குநர் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் தொழில் வழங்குநர் கட்ட வேண்டும். கடிதத்தில் "கொடுப்பனவு" என்று மட்டும் எழுதி இந்த விஷயத்தில் மௌனமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இரவுக் கடமை, பயணச் செலவு, களத்தில் விபத்து நடந்தால் காப்புறுதி, முன்னறிவித்தல் எத்தனை நாள் என்பவற்றையும் கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். இதைக் கேட்டதற்காக வேலையைத் திருப்பி எடுக்கிற இடம் பிள்ளை போகத் தேவையில்லாத இடம்.

"கொஞ்ச நாள் இருந்தால் நிரந்தரமாக்குவார்கள்" என்று உறவுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 2014 இன் 25/2014 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, 180 நாள் சேவை முடித்த தற்காலிக, அமய, ஒப்பந்த ஊழியர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்க வழி செய்தது. அப்படி நிரந்தரமானவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அது அந்தக் காலத்தில் வேலையில் இருந்தவர்களுக்கான ஒரு முடிவு. இன்றைக்குச் சேருகிறவர் அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. இதற்கிடையில் போட்டிப் பரீட்சைகளின் வயதெல்லை ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் இருந்த காலத்தை அதிலிருந்து யாரும் கழித்துத் தரமாட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வயதெல்லையைத் தாண்டி, விண்ணப்பிக்க ஒரு பரீட்சையும் மிஞ்சாத நிலையில் என் முன்னால் வந்து உட்காருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனத்துப் போகிறது. மகள் அந்த வரிசையில் சேரக்கூடாது.

"வெள்ளத்துக்குள் பொம்பிளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்றும் கேட்டிருந்தீர்கள். சுனாமியில் ஆக அதிகமானோரை இழந்தது அம்பாறை மாவட்டம், அதில் உங்கள் ஊரும் ஒன்று. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு அங்கி, தனியாகக் களத்துக்கு அனுப்பாமை, இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட வாகனம் இவற்றைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பாடசாலையில் இடைத்தங்கல் முகாம் போட்டால் அங்கே கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், மாதவிடாய்த் துணி கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் வாய் திறந்து பேசுவது ஒரு பெண் உத்தியோகத்தரிடம்தான். தமிழ் பேசுகிற, அந்த ஊர் ஒழுங்கைகள் தெரிந்த பெண் உத்தியோகத்தர்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. பயத்துக்காக மட்டும் மகளை மறிக்காதீர்கள்.

போனால், அந்த ஒரு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புவியியல் படித்தவர் என்பதால் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) வரைபட வேலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மழைவீழ்ச்சித் தரவு, குளங்களின் நீர்மட்டம், கடந்த வெள்ளங்களில் மூழ்கிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இவற்றை வரைபடத்தில் போடத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் தேடும். முதலுதவிப் பயிற்சியை இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்திலாவது சென் ஜோன் அம்புலன்ஸிலாவது முடித்துச் சான்றிதழ் எடுக்கட்டும். அடுத்தது சிங்களம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்கள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதனால் எப்படியும் படிக்கத்தான் வேண்டும். அது மட்டுமில்லை, நள்ளிரவில் கொழும்பிலிருந்தோ, சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டு இருக்கிற இங்கினியாகலையிலிருந்தோ வருகிற அழைப்புச் சிங்களத்தில்தான் இருக்கும், அதை உடனே விளங்கித் தமிழில் ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். செய்த கடமைகளைத் திகதியோடு எழுதி, மேலதிகாரியிடம் சேவைக் கடிதமும் வாங்கி வைக்கட்டும். நாளைக்கு நேர்முகப் பரீட்சையில் அனுபவத்துக்குப் புள்ளி கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

இன்னொரு விஷயம். மகளுக்குக் கிடைக்காமல் வேறொருவருக்குக் கிடைத்திருந்தால் நீங்கள் என்ன கேட்டிருப்பீர்களோ, அதை இப்போதும் கேளுங்கள்: எந்த அடிப்படையில் தெரிவு செய்தார்கள்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனம் என்றால் தெரிவு முறையையும் புள்ளித் திட்டத்தையும் கேட்கலாம். முறையான நேர்முகமும் புள்ளிப் பட்டியலும் இருந்தால், பரீட்சை இல்லை என்பதற்காக மகள் யாருக்கும் தலைகுனியத் தேவையில்லை. யாரோ ஒருவருடைய பெயர்ப் பட்டியலில்தான் இந்த வேலை வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு சம்பளம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் சொல்வேன். அந்தப் பட்டியலை எழுதியவர் அடுத்த தேர்தலில் வீடு வீடாக வரச் சொல்வார், நிவாரணப் பட்டியலிலும் கை வைக்கச் சொல்வார்.

இந்தக் கிழமைக்குள் மகள் செய்ய வேண்டியது இரண்டுதான். தொழில் வழங்குநர் யார், சேமலாப நிதி உண்டா, காப்புறுதி உண்டா என்று கேட்டு ஒரு சிறு கடிதம் எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கட்டும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து, இந்த வருடம் அவருடைய வயதுக்கும் பட்டத்துக்கும் பொருந்துகிற பரீட்சைகளின் முடிவுத் திகதிகளைக் குறித்து வைக்கட்டும். பதில் கடிதம் வந்ததும் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று சேர்ந்து முடிவெடுப்போம்.