முட்டிக்கு ஆபரேஷன், தொடைக்கு எதற்குப் படம்?

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்புப் பெரியவர்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் முட்டி மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றிக் கேட்டவை இவை. நான் ராயபுரம் பக்கம் எக்ஸ்ரே எடுத்தே தலை நரைத்தவன், டாக்டர் இல்லை. மருந்தும் ஆபரேஷனும் உங்கள் டாக்டர் முடிவு.

காசிமேட்டு அக்கா: வலி முட்டியில். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நிற்கவைத்துப் படம் எடுத்துவரச் சொல்கிறார்கள். காசு பிடுங்கவா?

இல்லை அக்கா. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் அடிநுனியைச் சீவி, அதன்மேல் உலோக மூடியைப் பொருத்துவார்கள். எந்தச் சாய்வில் சீவுவது என்று முட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இடுப்புப் பந்தின் நடுவிலிருந்து முட்டியின் நடுவுக்கு ஒரு கோடு, எலும்பின் தண்டோடு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 5 முதல் 7 டிகிரி வரும். பல டாக்டர்கள் எலும்பின் உள்குழாயில் கம்பி விட்டு, அதை வைத்தே இந்தச் சாய்வைப் பிடிக்கிறார்கள். நம் ஊர் வயதான பெண்கள் பலருக்குத் தொடை எலும்பே வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருக்கும். அப்போது இந்த டிகிரி கூடிவிடும், கம்பியும் கோணலாகப் போகும். வழக்கமான கணக்கில் சீவினால் புது மூட்டு வைத்த பிறகும் கால் வளைந்தே நிற்கும். முன்கூட்டியே தெரிந்தால் கம்ப்யூட்டர் வழிகாட்டியோ வேறு முறையோ வைத்துக்கொள்வார்கள்.

படம் எடுக்கும்போது நேராகப் பார்க்க வேண்டியது முட்டிச்சில்லு, பாதம் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிக்குப் பாதத்தைப் பார்த்து எடுத்துவிட்டேன். கால் திரும்பியிருந்ததில் வளைவே மாறித் தெரிந்தது. டாக்டர் திருப்பி அனுப்பினார். பாவம், பாட்டி மறுபடி மாடிப்படி ஏறி வந்தார்.

திருவொற்றியூர் ஐயா: எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. எலும்பு உருகிப்போச்சு, ஆபரேஷன் கூடாது என்கிறார்கள்.

யார், பக்கத்து வீட்டிலா? மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. அதனாலேயே ஆபரேஷன் கூடாது என்று இல்லை. திட்டம்தான் மாறும். சிமென்ட் வைத்துப் பொருத்துவது, எலும்பின் முன்பக்கத்தில் வெட்டு விழாமல் பார்ப்பது, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்வது, இப்படி. தேய்ந்த முதுகெலும்பில் எடுத்தால் அடர்த்தி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே இடுப்பு எண்ணையும் கேளுங்கள்.

பெரம்பூர் அண்ணன்: சிடி ஸ்கேனும் வேண்டுமா?

ஆபரேஷனில் டாக்டருக்கு உதவும் சில ரோபோக்களுக்கு வேண்டும். எல்லோருக்கும் இல்லை.

வியாசர்பாடி தம்பி: அம்மா எட்டு வருஷமாக வாரம் ஒரு எலும்பு மாத்திரை போடுகிறார். இப்போது தொடை நடுவில் வலி.

தம்பி, இதை முட்டி வலி கணக்கில் சேர்க்காதே. எலும்புப்புரைக்கு வாரம் ஒன்று போடும் அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரையை வருஷக்கணக்கில் போடும் சிலருக்குத் தொடை எலும்பின் வெளிப்பக்கம் மெல்லிய விரிசல் விடும். விழாமலேயே முறிந்ததும் உண்டு. இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. இரண்டு தொடைக்கும் படம் எடுக்கச் சொல்வார்.

எண்ணூர் அண்ணன்: லாரி மோதித் தொடையில் ராடு வைத்து இருபது வருஷம். அதே காலில் முட்டி மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் உள்குழாயில் ராடு இருப்பதால் கம்பி நுழையாது. ராடை எடுப்பதா, குழாயைத் தொடாமல் கம்ப்யூட்டரில் அளப்பதா என்று டாக்டர் பார்ப்பார். அந்த நாள் ஃபிலிம் பரணில் சுருட்டிக் கிடந்தால் தூசி தட்டி எடுத்துப்போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டோடு. எந்த ராடு என்று தெரிந்தால்தான் கழற்றும் கருவியைத் தயாராக வைக்க முடியும்.